குதிரைக்காரர்களைக் கேட்டார்கள், நம்மைக் கேட்கவில்லை

540-க்கு 168. மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தின் தலையெழுத்தை எழுதிய ஓட்டுக்கணக்கு இதுதான். 2024 ஜனவரியில் ராயல் வெஸ்டர்ன் இந்தியா டர்ஃப் கிளப்பின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு, மொத்தம் 211 ஏக்கரில் 120 ஏக்கரை மாநகராட்சிக்கு விட்டுவிட்டு 91 ஏக்கரைத் தங்களிடமே வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 708 பேர். 2011 கணக்கெடுப்பின்படியே இந்த ஊரில் ஒன்றேகால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான ஜனம் இருக்கிறது. மிச்சப் பேர் மறுநாள் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டோம்.

அந்த நிலம் கிளப்புக்குச் சொந்தமாக இருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர்கள் நிலம், அவர்கள் ஓட்டு. ஆனால் நிலத்தில் ஒரு பகுதி மாநில அரசுடையது, மீதி மாநகராட்சியுடையது. 1914-ல் ஆரம்பித்த 99 வருடக் குத்தகை 2013-லேயே முடிந்துபோய்விட்டது. அதாவது ஒப்பந்தம் முடிந்து பத்து வருடமாகியும் காலி செய்யாமல் இருக்கிற குடித்தனக்காரரிடம் 'உங்களுக்குச் சம்மதமா?' என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைப் பாகம் பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் யார் என்கிறீர்களா? இந்த ஊரில் வரி கட்டுகிற, லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற நீங்களும் நானும்தான்.

பூங்காவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தாராளமாக வரட்டும். மும்பையில் தலைக்கு ஒன்றேகால் சதுர மீட்டர் திறந்தவெளிதான் இருக்கிறது என்று அடிக்கடி ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு கோரைப்பாயை முழுசாக விரிக்க அது போதாது. அப்படிப்பட்ட ஊரில் பந்தய மைதானத்தின் 120 ஏக்கரும், கடற்கரைச் சாலைக்காகக் கடலைத் தூர்த்து எடுத்த இடத்தில் ஒரு 175 ஏக்கரும் சேர்ந்து முந்நூறு ஏக்கருக்குப் பக்கத்தில் பூங்கா வருகிறது என்றால் கசக்குமா? கேள்வி அதுவல்ல. அந்த முந்நூறு ஏக்கரில் என்ன இருக்க வேண்டும், யார் போகலாம், டிக்கெட் உண்டா, சாயங்காலம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், அடியில் எத்தனை கார் நிறுத்தத் தோண்டுவார்கள் என்பதையெல்லாம் யார் முடிவு செய்வது? அதுதான் கேள்வி.

முதலில் 'தீம் பார்க்' என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 'சென்ட்ரல் பார்க்' என்றார்கள். பெயர்தான் மாறியது. கேட்கிற முறை மாறவில்லை. (நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பார்த்துச் சூட்டிய பெயர் இது. அந்தப் பூங்கா 843 ஏக்கர். 1850-களில் அதற்காக அங்கே குடியிருந்த சுமார் 1,600 பேரைக் கிளப்பி அனுப்பினார்கள். அதில் செனகா வில்லேஜ் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பும் இருந்தது. அவர்களையும் யாரும் கேட்கவில்லை. ஆகவே பெயர்ப் பொருத்தம் பிரமாதம் :-) )

இன்னொன்றையும் கவனியுங்கள். மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். இடையில் கிட்டத்தட்ட நாலு வருடம் 227 வார்டுகளிலும் ஒரு கவுன்சிலர் கிடையாது. கமிஷனரே நிர்வாகி, அவரே மாமன்றம், அவரே நிலைக்குழு. பந்தய மைதானத்தைப் பிரித்தது இந்த இடைவெளியில்தான். கவுன்சிலர் இருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். கிழித்திருக்க மாட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடவாவது ஒரு வாசல் இருந்திருக்கும். நிர்வாகியின் வாசலில் செக்யூரிட்டிதான் இருப்பார்.

'கருத்துக் கேட்பெல்லாம் நடக்கத்தான் நடக்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை' என்று சொல்கிறவர்களுக்கு ஆரே காலனியை ஞாபகப்படுத்துகிறேன். மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டுவது பற்றி 2019-ல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வந்த ஆட்சேபங்கள் 82,000-க்கும் மேல். எண்ணிக்கையை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஆகஸ்ட் 29-ம் தேதி மாநகராட்சியின் மர ஆணையம் 2,646 மரங்களை வெட்டவும் இடம் மாற்றவும் அனுமதி கொடுத்துவிட்டது. அக்டோபர் 4-ம் தேதி உயர்நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அன்று ராத்திரியே ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது. 7-ம் தேதி உச்சநீதிமன்றம் 'நிறுத்து' என்று சொல்லும்போது இரண்டாயிரத்து நூறு மரங்களுக்கு மேல் தரையில் கிடந்தன.

எண்பத்திரண்டாயிரம் பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் 'கருத்து'. 540 பேர் சரி என்று கை தூக்கினால் அதற்குப் பெயர் 'ஒப்புதல்'. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மொத்த வயிற்றெரிச்சலும் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மகாராஷ்டிராவில் 1966-ம் வருட நகரமைப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊரின் வளர்ச்சித் திட்டத்தில் ஒரு மாற்றம் செய்ய வேண்டுமென்றால், அதன் 37-வது பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஒரு மாதத்துக்குள் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். யாரிடமிருந்து? 'எந்த நபரிடமிருந்தும்' என்கிறது சட்டம். நிலத்துக்காரர் என்று சொல்லவில்லை. வாக்காளர் என்று சொல்லவில்லை. மராட்டியர் என்றும் சொல்லவில்லை. எந்த நபரும். நேற்று தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவரும் எழுதலாம். சட்டம் எழுதியவருக்கு அவ்வளவு பெரிய மனசு இருந்திருக்கிறது.

ஆனால் அந்த அறிவிப்பை நீங்கள் என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? ஏலம், டெண்டர், 'தொலைந்துபோன பத்திரம்' அறிவிப்புகளுக்கு நடுவில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில் வரும். சர்வே எண், துணைப்பிரிவு, உட்பிரிவு என்று நாலு வரி போகும். 'உங்கள் பிள்ளை விளையாடுகிற இடத்தில் கட்டடம் கட்டலாமா?' என்று ஒரு வரி இருக்காது. படித்துப் புரிந்து, வரைபடத்தைப் பார்க்க எந்த ஆபீஸுக்கு எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் முப்பது நாள் ஓடிவிடும். விசாரணை வைத்தால் அது வேலை நாளில், மத்தியானத்தில், தெற்கு மும்பையில். தாராவியில் இட்லி வியாபாரம் பண்ணுகிற அம்மாளோ, முலுண்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவரோ அங்கே எப்படி வந்து நிற்பார்? அப்படி நிற்க முடிகிறவர்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகளும், வக்கீல் வைத்திருக்கிற கட்டடக்காரர்களும்தான். பிறகு 'மக்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.

அவர்கள் எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். மும்பைக்கு வரும் முன் வடக்கே வேறொரு ஊரில் ஆறு வருடம் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் தெருமுனையில் ஒரு சின்னப் பூங்கா. இரண்டு வேப்பமரம், ஒரு மணல்குழி, நாலு சிமெண்ட் பெஞ்சு, அவ்வளவுதான். திடீரென்று ஒருநாள் தகரத்தை வைத்து அடைத்தார்கள். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது மணல்குழியைக் காணோம். அந்த இடத்தில் கலர் விளக்கு போட்ட நீரூற்று. திறப்பு விழா அன்று ஓடியது, அப்புறம் கொசுதான் ஓடியது. பெஞ்சுகளுக்குப் பதில் சாய்ந்தால் வழுக்குகிற இரும்புக் குழாய்கள், யாரும் படுத்துவிடக் கூடாதாம். முக்கியமான மாற்றம் வேறு. பகல் பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை பூட்டு.

பகலில் அந்தப் பூங்காவுக்கு யார் வருவார்கள்? எங்கள் குடியிருப்பு வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்கள். காலை வேலைக்கும் சாயங்கால வேலைக்கும் நடுவில் அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறப்பார்கள். அவர்கள் குடிசை ஒன்றரை மணி நேர தூரம், போய்த் திரும்ப முடியாது. பூட்டுப் போட்டபிறகு அவர்கள் எங்கள் அடுக்குமாடி மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தார்கள். உடனே சொசைட்டியில் தீர்மானம்: 'வேலைக்காரர்கள் படிக்கட்டில் உட்காரத் தடை.' அடுத்த வாரத்திலிருந்து நடைபாதை. பூங்காவை அழகுபடுத்தியவர் யாருக்கும் கெட்டது நினைத்திருக்க மாட்டார். தகரம் அடைப்பதற்கு முன்னால் மத்தியானம் ஒரு மணிக்கு ஒரே ஒரு நாள் அங்கே வந்து, 'அம்மா, நீங்கள் இங்கே எதற்கு வருகிறீர்கள்?' என்று கேட்டிருந்தால் போதும். கருத்துக் கேட்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த ஊர்க்கதையை வைத்து 120 ஏக்கரைப் பாருங்கள். பந்தய மைதானத்தில் பொதுஜனம் காலையிலும் சாயங்காலமும் காசு கொடுக்காமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குதிரைகளைக் கவனிக்கிற சைஸ்கள், லாயத்தில் வேலை பார்க்கிறவர்கள், அவர்கள் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஓட்டுப் போட்ட 708 பேரில் எத்தனை பேர் சைஸ் என்று நினைக்கிறீர்கள்? கிளப் உறுப்பினர் ஆவதற்கு என்ன செலவாகும் என்று விசாரித்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

'எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த நாட்டில் ஒரு செங்கல் எழும்பாது' என்று ஒரு கட்சி உண்டு. நம்ம ஆட்களில் பாதிப்பேர் இந்தக் கட்சிதான். ஆபீஸில் புராஜெக்ட் மேனேஜராக இருக்கிறவர்கள் குறிப்பாக. ஐயா, நம்ம வேலையில் கஸ்டமரைக் கேட்காமல் மென்பொருள் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? திருப்பி அடித்து முதலிலிருந்து எழுதச் சொல்வான். ஊருக்கும் அதேதான். 2015-ல் மாநகராட்சி அடுத்த இருபது வருடத்துக்கான வளர்ச்சித் திட்ட வரைவை வெளியிட்டது. இருக்கிற கட்டடத்தின் மேல் சாலை போகிறது, பாரம்பரியக் கட்டடங்கள் பட்டியலில் இல்லை என்று ஏகப்பட்ட குளறுபடி. பல்லாயிரக்கணக்கில் ஆட்சேபம் குவிந்தது. ஏப்ரல் மாதம் முதலமைச்சரே தலையிட்டுத் திருத்தி எழுதச் சொன்னார். புதுத் திட்டம் ஒப்புதலாகி வந்தது 2018-ல். ஆக, கேட்டதால் தாமதம் ஆகவில்லை, கேட்காமல் எழுதியதால்தான் தாமதம். அதோடு, ஜனம் வாயைத் திறந்தால் இந்த ஊரில் பெரிய திட்டமே பின்வாங்கியிருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

நம் ஊரும் இதில் சளைத்ததல்ல. அதே 2024-ல், செப்டம்பர் 9-ம் தேதி, கிண்டி ரேஸ் கோர்ஸைத் தமிழக அரசு கையகப்படுத்தியது. 1945-ல் 99 வருடத்துக்குக் கொடுத்த குத்தகையை ரத்து செய்து, 160 ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவிப்பு. அங்கே வேளச்சேரி வெள்ளத்தைத் தாங்கக் குளம் வேண்டுமே என்ற பேச்சைப் பசுமைத் தீர்ப்பாயம் எடுத்த பிறகு குளமும் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற வேளச்சேரிக்காரரை முதலில் கேட்டிருந்தால், பூங்காவுக்கு முன்னாடியே குளம் என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு அதைச் சொல்ல எந்தப் படிப்பும் தேவையில்லை.

சரி, இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் சொல்ல வந்தேன், பீடிகை நீண்டுவிட்டது.

மாட்டுங்காவில் ஒரு மாமா, ஐம்பத்தைந்து வருடமாக மும்பை. ஃபைவ் கார்டன்ஸில் தினமும் வாக்கிங் போகிறவர். இந்தப் பந்தய மைதான விஷயத்தில் ஒரு மனு எழுதி நாலு பேரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். பொறுமையாகப் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக்கூடக் கொடுத்தார். அப்புறம் காகிதத்தைத் திருப்பி நீட்டி, "நன்னா எழுதியிருக்கேப்பா. ஆனா நமக்கெதுக்கு இதெல்லாம்? நாம வந்தவா. அவா ஊர், அவா பார்த்துப்பா" என்றார்.

ஐம்பத்தைந்து வருடம் இருந்தும் வந்தவா! அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1966-ல் சிவசேனை ஆரம்பித்த காலத்தில் தென்னிந்தியர்கள்தான் அதன் குறி. அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, டைப்ரைட்டரைத் தட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிய தலைமுறை அது. மௌனம்தான் அவர்களைக் காப்பாற்றியது. அது அவர்களுக்குச் சரி. ஆனால் அந்த மௌனத்தை சொத்து மாதிரி நாமும் வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்கிறோமே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

தாராவியில் இருக்கிற திருநெல்வேலி அண்ணாச்சிகளிடம் பேசினால் சொல்லும் முறை வேறு, முடிவு ஒன்றுதான். "நம்ம சொன்னா எவன்டே கேக்கப்போறான்?" என்பார்கள். மாமா 'நமக்கு உரிமை இல்லை' என்கிறார், அண்ணாச்சி 'உரிமை இருந்து என்ன பயன்' என்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் மும்பைத் தமிழர்களிடமிருந்து ஒரு ஆட்சேபக் கடிதம்கூட வராது என்பது கணக்கு.

தாராவிக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்திலேயே மாகிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒருகாலத்தில் ஊர்க்குப்பை கொட்டிய இடம். முப்பத்தேழு ஏக்கர் இப்போது காடாக நிற்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்குள் அது வருகிறதா இல்லையா என்ற குழப்பம் 2022-ல் உயர்நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது. 'பூங்கா திட்டத்தில் இல்லை' என்று அரசுத் தரப்பு அங்கே சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்டவர்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள். அந்தப் பூங்காவின் காற்றைச் சுவாசிக்கிறவர்கள் நாம்.

டெல்லியிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்கள் 'இது மும்பைக் கதை' என்று தாண்டிப் போக வேண்டாம். சுரங்கச் சாலைக்காக லால்பாக்கில் இடம் எடுக்கப்போகிறார்கள் என்று 2025-ல் கிளம்பிய சண்டையைப் பெங்களூர்க்காரர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நின்றவர்களில் எத்தனை தமிழ்க் குடும்பம்? மலர்க்கண்காட்சிக்குப் போய் போட்டோ எடுக்க மட்டும் லால்பாக் நம்முடையதா?

நான் அரசாங்கத்திடம் கேட்பது ரொம்பப் பெரிய விஷயமில்லை. டிசைனர் வரைந்து முடித்த படத்தைக் காட்டி 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்காதே, வெற்றுக் காகிதத்தோடு வந்து கேள். ஞாயிற்றுக்கிழமை கேள். வார்டில் வந்து கேள். அந்தந்த வார்டில் ஜனம் படிக்கிற மொழியில் அறிவிப்பை ஒட்டு. தேர்தல் நேரத்தில் தாராவியில் தமிழில் நோட்டீஸ் அடிக்கத் தெரிகிறதல்லவா, அதே அச்சகம்தான். எத்தனை பேர் எழுதினார்கள், எதை ஏற்றாய், எதைத் தள்ளினாய், ஏன் தள்ளினாய் என்று எழுத்தில் வெளியிடு. 82,000 பேருக்கும் தனித்தனியாகப் பதில் போடச் சொல்லவில்லை. பத்துப் பக்கம் போதும். பொதுமக்கள் சொன்னதை ஏற்கத்தான் வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. தள்ளுவதாக இருந்தால் முகத்தைப் பார்த்துத் தள்ளு.

நம்மவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்குக் கோலப்போட்டி வைக்கின்றன, பட்டிமன்றத்துக்கு ஊரிலிருந்து பேச்சாளரை விமானத்தில் வரவழைக்கின்றன. 'சிறந்தது கணவனின் அன்பா, மனைவியின் அன்பா' என்று இருபத்தைந்தாவது தடவையாகத் தீர்ப்புக் கேட்டாகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை, மாநகராட்சி அறிவிப்புகளில் நம் பேட்டை சம்பந்தப்பட்டதைத் தேடி எடுத்து, நாலு வரியில் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒருவரை நியமித்தால் என்ன? மராத்தி தெரிந்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். இங்கேயே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள்தானே, நம்மைவிட நன்றாகவே படிப்பார்கள்.

கடிதம் எழுதுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டிருக்கிறார்கள். வக்கீல் தேவையில்லை. ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்திலோ மராத்தியிலோ எழுதலாம். மேலே அறிவிப்பின் எண்ணும் தேதியும் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தெரியாமல் போட்டுவிடுவார்கள். 'சுற்றுச்சூழலைக் காப்போம்' மாதிரி மேடைப் பேச்சு வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர், என்ன வயசு, எத்தனை மணிக்கு அந்த இடத்துக்குப் போகிறீர்கள், அங்கே என்ன செய்கிறீர்கள், என்ன மாறினால் போக முடியாமல் ஆகும் என்று எழுதுங்கள். வேறு எந்த நிபுணரும் எழுத முடியாத விஷயம் அது. வீட்டில் வேலை செய்கிற பாயி, வாட்ச்மேன், பால்காரர் ஆகியோரையும் கேட்டு அவர்கள் சார்பில் தனியாக ஒன்று எழுதி அவர்கள் கையெழுத்தோடு கொடுங்கள். நேரில் கொடுப்பது நல்லது. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் இன்வர்டு நம்பரும் முத்திரையும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். 'அப்புறம் வா' என்று சொல்வார்கள். அங்கேயே நில்லுங்கள்.